நெரெய்தாவுக்காக ஒரு பழைய லேப்டாப்

அய்யய்யோ, அந்த லேப்டாப்பு ஸ்விட்ச்ச அமுக்காதீங்கண்ணே. அப்புறம் பாத்துக்கலாம். இதுக்கு டிஸ்க்கு கொண்டாரேன்னு சாந்தா கிளாராலருந்து லாரியில நின்னுக்கிட்டே வந்திருக்கீங்க, இந்த மண்டை காயுற வெயில்ல. மொதல்ல உக்காருங்க.

எதுக்குக் குசுகுசுன்னு பேசுறீங்க? சத்தமாவே பேசலாம். நெரெய்தா சமையக்கட்டுலதான் இருக்கா. பக்கத்துல இடி விழுந்தாலும் என் வீட்டுக்காரிக்குக் கேக்காது. அதுக்குத்தான இந்தப் பொட்டியே.

மச்சான் ஒஸ்மெல் சொல்லியிருப்பான். அவ காது மெஷின்ல சத்தத்த ஏத்தி எறக்கணும்னா இதுலருந்துதான் ஒயர் மாட்டணும். அந்தப் புரோகிராமு விண்டோஸ் தொண்ணூத்தெட்டுலதான் ஓடும். புதுக் கம்ப்யூட்டர்ல போட்டா வாயே தொறக்காது. ஆஸ்பத்திரில காது பாத்துக்கிட்டிருந்த லிசாந்த்ரா நாட்ட விட்டுக் கெளம்புறப்ப, கட்டிலு, ஃபேனு, கோழிக்கூண்டுன்னு ஆளாளுக்கு ஒண்ணு குடுத்தா. இது எங்களுக்கு. சிடியும் ஒயரும் சேத்தே குடுத்தா, பாவம்.

குடுத்த அன்னிக்கே ஒஸ்மெல் வந்தான். இருட்டுல உக்காந்திருந்தோமா, கரண்டு வந்துச்சுங்கற சந்தோசத்துல, ஏசிக்குன்னு வச்சிருக்கற எரநூத்தி இருவது வோல்ட்டு பிளக்குல கொண்டுபோய்ச் சொருகிட்டான். சார்ஜரு நூத்திப்பத்து. டப்பு! அவன் அக்கா, இவதான், வெளக்குமாத்த எடுத்துட்டா. சிரிக்காதீங்க, நெசமாத்தான். உங்க வீட்டுலயுமா? ஃபிரிஜ்ஜா! அடப் பாவமே.

இந்த ரிப்பேரு வேலையெல்லாம் நானு பொறுக்கிப் பொறுக்கிக் கத்துக்கிட்டதுதான். துறைமுகக் கிடங்குல ராக்காவலு, பகல்ல தூக்கம் பிடிக்காது. செத்த டிவியிலருந்து கண்டன்சர் எடுத்து சார்ஜர எழுப்புனேன். டிஸ்க்கு கரகரன்னுச்சு. ஒடஞ்ச லேப்டாப்பு ஒண்ணுலருந்து வேற டிஸ்க்கு. விண்டோஸ் சிடில கீறல், பல்பசை போட்டுத் தேய்ச்சேன். ஒருவழியா ஏறும், பாதியில கரண்டு போயிரும். பேட்டரிதான் பொணமாச்சே. மறுபடியும் மொதல்லருந்து. இவ பக்கத்துலயே உக்காந்திருப்பா, ஏறுற நீலக் கோட்டப் பாத்துக்கிட்டு.

மத்தியானம் ரேடியோ நாடகம் வந்தா ரேடியோ மேல உள்ளங்கைய வச்சுக்குவா. இன்னிக்கு யாரோ அழுதாங்கல்லன்னு கேப்பா. ஆமான்னுவேன். அப்ப நாடகம் முடிஞ்சு பாட்டு ஓடிக்கிட்டிருக்கும்.

இல்லண்ணே, பையப் பிரிக்காதீங்க. அந்த டிஸ்க்கு வேணாம். ஒஸ்மெல் போன்லருந்து டிஸ்க்கு கேட்டு உங்களுக்கு எழுதுனது நான் இல்ல, நெரெய்தாதான். எனக்கே காலையிலதான் தெரியும்.

கோவிச்சுக்காதீங்க. இது ஓடுதுண்ணே.

போன மாசமே ஓடிருச்சு. அவ குளிக்கப் போனப்ப, கழட்டி வச்ச காது மெஷின இதுல ஒயர் போட்டு மாட்டிப் பாத்தேன். சத்தத்தக் காட்டுற எல்லாக் கோடும் உச்சியில நிக்குது. லிசாந்த்ரா ஏத்த முடிஞ்ச மட்டும் அப்பவே ஏத்தி வச்சிட்டுத்தான் போயிருக்கா. இதுக்கு மேல எடமில்ல. பெரிய மெஷினா? டாக்டர்கிட்டயும் கேட்டுட்டேன். நரம்பே போச்சாம், எத வச்சும் புண்ணியமில்லன்னுட்டாரு.

அவளுக்குத் தெரியாது. லேப்டாப்பு ரிப்பேருன்னு நெனச்சுக்கிட்டிருக்கா. ரிப்பேரா இருக்கற வரைக்கும் சாப்புடுறா, தலை சீவுறா, ரேடியோவத் தொடச்சு வைக்கிறா.

அந்தா வர்றா, காப்பித் தட்டோட. உங்க மொகத்தத்தான் பாப்பா. ஏதோ ஒரு பாகம் கெடைக்கலன்னு கைய விரிங்க. முழுசா விரிச்சிராதீங்கண்ணே. தேடுனா கெடைக்கும்ங்கற மாதிரி.