மார்லிஸின் கை மடியில் இருக்கட்டும்

அவைத்தலைமை ஏற்றிருக்கும் நூலகக் குழுத் தலைவி பெர்னடீன் டபானி அவர்களே! ஏரிக்காற்று எலும்பைத் தொடும் இந்த நவம்பரிலும் முன்வரிசையை நிறைத்திருக்கும் பெரியோர்களே! அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரங்களைச் சூடு ஆறும் முன்னே துணியில் சுற்றி எடுத்துவந்து அந்த நீள மேசையை நிரப்பிய தாய்மார்களே! நகரத் தண்ணீர் அலுவலகத்துத் தோழர்களே! நாற்காலியின் நுனியில் அமர்ந்து, 'இந்த மனிதர் என்னத்தைச் சொல்லிவைக்கப் போகிறாரோ' என்ற கவலையோடு என் முதுகைப் பார்த்துக்கொண்டிருக்கும் மார்லிஸ் கோஸ்கி அவர்களே! உங்கள் அனைவருக்கும் ஞாயிறு மதியத்தின் அன்பு வணக்கம்.

முதலில் செய்தி. வெள்ளிக்கிழமை மாலை மூன்று நாற்பதுக்குப் பல்கலைக்கழகத்திலிருந்து மார்லிஸுக்கு ஒரு கடிதம் வந்தது. அதை அவர் அனுமதியோடு படித்தேன். நேற்றுக் காலை, அதில் கையெழுத்திட்ட பேராசிரியர் அடலைன் கெரிகனைத் தொலைபேசியில் அழைத்து உறுதி செய்துகொண்டேன். மார்லிஸின் ஆய்வேடு நிராகரிக்கப்படவில்லை. ஏற்கப்படவும் இல்லை. ஒரே ஒரு சோதனையை அவர் மறுபடி நடத்த வேண்டும். அதன் முடிவைப் பார்த்தபின்தான் பட்டம் உண்டா இல்லையா என்பது.

ஆகவே, கடிதம் வருமுன்பே எழுதப்பட்டு என் தலைக்கு மேலே தொங்கும் 'முதுகலைப் பட்டதாரி மார்லிஸுக்கு வாழ்த்துகள்' என்ற பதாகை, இந்த நிமிடம் வரை உண்மையல்ல.

என்ன பெர்னடீன்? 'கேக்குலயும் அதையே எழுதிட்டோமே' என்கிறீர்களா? கேக்கைச் சாப்பிடலாம். எழுத்து இருக்கும் பக்கத்தை மட்டும் விட்டுவையுங்கள்.

அன்புடையீர்! தொழில்சார் தகவல்தொடர்பில் முதுகலைப் பட்டம் என்றால் என்ன? ஆறு ஆண்டுகளுக்கு முன் மார்லிஸ் தம் கணவர் வெண்டலிடம் இதைச் சொன்னபோது, அவர் சிரித்த சிரிப்பு தெருமுனை வரை கேட்டதாம்.

"பேசுறதுக்குப் பட்டமா? மார்லி, உனக்கு அதைச் சும்மாவே குடுக்கலாமே!"

"பேசுறதுக்கு இல்ல வெண்டல். சொன்னது அடுத்தவனுக்குப் போய்ச் சேருதான்னு பார்க்கறதுக்கு."

"நீ சொல்றதெல்லாம் எனக்கு நல்லாவே வந்து சேருது. நான்தான் செய்யறதில்ல!"

சிரித்தவர்தான் சனிக்கிழமைதோறும் விடியுமுன் எழுந்து வண்டியின் மேல் பனியைச் சுரண்டிக் கொடுத்தார். எழுபது மைல் போக, எழுபது மைல் வர. ஒரு பருவத்துக்கு ஒரு பாடம். நாற்பத்தைந்து வயதில் தொடங்கிய படிப்பு. தண்ணீர் அலுவலகத்தில் ஒரு புகாருக்கும் அடுத்த புகாருக்கும் இடையில் படித்த படிப்பு!

அந்தப் படிப்பில் ஒரு சோதனை உண்டு. நீங்கள் எழுதிய அறிவிப்பை அதை முன்பின் பார்த்திராத ஒருவர் கையில் கொடுக்க வேண்டும். 'இதில் சொன்னபடி செய்யுங்கள்' என்று மட்டும் சொல்ல வேண்டும். பிறகு எதிரே உட்கார்ந்து பார்க்க வேண்டும். வாய் திறக்கக் கூடாது. கை நீட்டக் கூடாது. ஏன் இந்தக் கண்டிப்பு? காகிதம் வீட்டுக்குப் போகும்போது, எழுதியவர் அதோடு கூடவே போவதில்லை. அதனால்தான்!

மூன்றாம் ஆண்டில் மார்லிஸ் ஓர் அறிவிப்பு எழுதினார். குழாய் உடைந்தால், தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள் என்று வீடுகளுக்கு அனுப்பும் அறிவிப்பு. முதல் பத்தியில் சட்டம். இரண்டாம் பத்தியில் காரணம். மூன்றாம் பத்தியில் நகரசபையின் வருத்தம். கொதிக்க வைப்பது எங்கே? நான்காம் பத்தியில்!

படித்துப் பார்த்தவர் வெண்டல். இரண்டு பத்தி படித்தார். காகிதத்தை மடித்தார். எழுந்துபோய்க் குழாயைத் திறந்து ஒரு தம்ளர் தண்ணீர் பிடித்தார். மார்லிஸ் வாய் திறக்கவில்லை. ஆனால் கை? கை பொறுக்கவில்லை. மடிப்பைப் பிரித்து நான்காம் பத்தியின் மேல் விரலை வைத்துவிட்டார்.

"ஓ, கொதிக்க வைக்கணுமா? முன்னாடியே சொல்லக்கூடாதா?" என்று சொல்லிக் கெண்டியை அடுப்பில் ஏற்றினார் வெண்டல்.

'படித்தவர் சரியாகச் செய்தார்' என்று அறிக்கையில் எழுதினார் மார்லிஸ். நல்ல மதிப்பெண் கிடைத்தது. நம் நகரசபை அந்த அறிவிப்பையே எடுத்துவைத்துக்கொண்டது.

சென்ற ஆண்டு பிப்ரவரியில், ஏரிக்கரைத் தெருவில் பெருங்குழாய் வெடித்தது. அறுநூற்றுப் பன்னிரண்டு வீடுகளுக்கு அதே காகிதம் போயிற்று. நம் செய்தித்தாளிலும் மூன்றாம் பக்கத்தில் வந்தது. அச்சுக்குப் போகுமுன் படித்தவன், அதன் ஆசிரியனான நான். ஒரு குறையும் எனக்குத் தெரியவில்லை. எப்படித் தெரியும்? நான்காம் பத்தி வரை படிப்பது என் பிழைப்பு.

ஜோலீன் மக்கினன் இரண்டாம் பத்தியோடு நிறுத்தினார். அவருடைய ஏழு மாதக் குழந்தை வின்னி பசியில் அழுதுகொண்டிருந்தாள். குழாய்த் தண்ணீரில் பால்மாவைக் கலந்தார். நான்கு நாள் மருத்துவமனை. பயப்படாதீர்கள் அம்மா, அதோ, மேசைக்கு அடியில் உங்கள் காலணி நாடாவை அவிழ்த்துக்கொண்டிருப்பவள்தான் வின்னி!

ஐந்தாம் நாள் மார்லிஸ் அந்த வீட்டுக்கதவைத் தட்டினார். ஜோலீன் கத்தவில்லை. சொன்னது இவ்வளவுதான்.

"ஒரு கையில குழந்தை. ஒரு கையில பாட்டில். உங்க காகிதத்தைப் பிடிச்சு நாலு பத்தி படிக்க எனக்கு மூணாவது கை இல்ல, மார்லிஸ்."

அன்று மாலையே மார்லிஸ் தம் ஆய்வேட்டின் தலைப்பை மாற்றினார். அந்த அறிவிப்பை அடியிலிருந்து மறுபடி எழுதினார். ஆய்வேட்டின் முப்பத்தொன்றாம் பக்கத்தில் இதையும் எழுதினார்: 'மூன்றாம் ஆண்டில் நான் தேர்ச்சி என்று எழுதிய சோதனை தேர்ச்சியல்ல. நான் விரலால் காட்டினேன்.'

யார் கேட்டார்கள்? யாருக்குத் தெரியும்? வெண்டலுக்கே மறந்துபோயிருந்தது. பட்டத்துக்கே உலை வைக்கும் வரி அது. ஏன் எழுதினீர்கள் என்று கேட்டேன்.

"அந்த அறிக்கை பல்கலைக்கழக நூலகத்துல இருக்கு. வேற ஊர்ல யாராவது எடுத்துப் படிச்சு, சோதிச்சுப் பார்த்த அறிவிப்புதானேன்னு நம்பி அனுப்பிட்டா? அங்கேயும் ஒரு வின்னி இருப்பாள்ல?"

நாற்பத்தோரு ஆண்டுகளாகத் திருத்தச் செய்திகளை வெளியிட்டிருக்கிறேன். அவற்றில் பெரும்பாலானவை, யாரோ பிடித்துக் கேட்டதால் வந்தவை. கேட்காமலே வந்த திருத்தத்துக்குத் தலைவணங்குகிறேன்!

ஆய்வேட்டை மதிப்பிடும் பேராசிரியர்கள் மூவரும் அந்த வரியைப் படித்துவிட்டுக் கூடினார்கள். புதிய அறிவிப்பை, அதைப் பாராத ஒருவரிடம், தங்கள் கண்முன்னே சோதிக்க வேண்டும் என்றார்கள். செய்தி ஊரில் பரவியது. நேற்று மதியம் தண்ணீர் அலுவலகத்துக்குள் நுழைந்தவர் யார்? ஜோலீன்!

"நான் படிக்கிறேன்."

"நீயா? வேண்டாம்மா. உனக்கு நான் பண்ணினது போதும்."

"பாவம் பார்த்துச் சலுகை எல்லாம் தரமாட்டேன். புரியலைன்னா புரியலைன்னுதான் சொல்லுவேன்."

"அதுதான் எனக்கு வேணும்."

"வின்னியையும் இடுப்புல வெச்சுக்கிட்டுத்தான் வருவேன்."

"அதுவும்தான் வேணும்," என்றார் மார்லிஸ். ஜோலீன் மேசையைச் சுற்றிப் போய் அவர் தோளைப் பிடித்துக்கொண்டார்.

பெரியோர்களே, தாய்மார்களே! இப்போது நான் வந்த காரியம். வெண்டல் அந்தப் புதிய அறிவிப்பைக் காப்பிக் கடைக்கு எடுத்துப்போய்ப் பெருமையாகக் காட்டியிருக்கிறார். இந்த அரங்கில் பாதிப்பேர் அதைப் பார்த்துவிட்டீர்கள். ஜோலீன் பார்க்கவில்லை. அவர் மூன்றாம் வரிசையில் இருக்கிறார். யாருடைய வண்டியாவது பனியில் சிக்கினால், கேட்காமலே போய்த் தள்ளிவிடுகிற ஊர் இது. அந்த நல்ல குணம்தான் இன்று எனக்குப் பயமாக இருக்கிறது! ஒருவர் ஒரு சொல் உதவினால் போதும், சோதனை செல்லாது. பட்டமும் போகும்.

வெண்டல், உட்காருங்கள்.

"நான் ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லிக்கறேன்..."

அந்த ஒன்றுதான் வேண்டாம்! சிரிப்பை அடக்குங்கள் ஐயா, சிரிப்பிலும் குறிப்பு இருக்கலாம். கடையில் ஜோலீனைக் கண்டால் வானிலையைப் பேசுங்கள். மீனைப் பேசுங்கள். தண்ணீரைப் பேசாதீர்கள். காக்க வேண்டியது மௌனம். கொடுக்க வேண்டியது மௌனம். இந்த ஊர் மார்லிஸுக்குத் தரக்கூடிய மிகப் பெரிய பரிசு மௌனம்!

பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும், பேச இடம் தந்த தலைவிக்கும், மேசைக்கு அடியில் அமைதி காத்த வின்னிக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. வணக்கம்.

உறுதியாகாதவை இரண்டு. சோதனை, வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு, இதே நூலகத்தின் சின்ன அறையில். பேராசிரியர்களின் முடிவு, அதற்கடுத்த திங்கட்கிழமை நண்பகலுக்குள். அந்த அறையில் ஜோலீன் என்ன செய்வார் என்பது எனக்குத் தெரியாது. மார்லிஸின் இரண்டு கைகளும் எங்கே இருக்கும் என்பது மட்டும் தெரியும். எனக்குப் பின்னால் பாருங்கள், இப்போதே அவை மடியில்தான் இருக்கின்றன.