பறவை மலைக்குக் கீழே

குசாகா: திருப்புங்க பெரியவரே. படகைத் திருப்புங்கன்னு சொல்றேன்ல. நம்ம காவல் எல்லையை விட்டு எவ்வளவு தூரம் வந்துட்டோம் தெரியுமா?

யோனேசோ: அங்க பாரு தம்பி... வடக்கால பாரு. பறவை மலை!

குசாகா: நடுக்கடல்ல ஏது மலை?

யோனேசோ: பறவையெல்லாம் கூட்டமா வட்டம் போட்டா, எங்க யாய்சு ஊர்ல அதுக்குப் பேரு பறவை மலை. அடியில சூரை மீன் கொதிக்குதுன்னு அர்த்தம்.

குசாகா: நாம மீன் பிடிக்க வரல. அமெரிக்கக் கப்பல் வருதான்னு பார்க்க வந்திருக்கோம். பார்த்தா உடனே ரேடியோவுல தந்தி தட்டணும். அதான் வேலை.

யோனேசோ: அது உன் வேலை. இது சூரைப் படகு. கப்பற்படைக்காரங்க வந்து ஒரு துப்பாக்கி, ஒரு ரேடியோ, கூடவே உன்னையும் ஏத்திவிட்டு, "இன்னிலேருந்து இது போர்க்கப்பல்"னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. படகுகிட்ட யாரு சொன்னா? அது பாட்டுக்குப் பறவையைக் கண்டா ஓடுது.

குசாகா: சுக்கானைப் பிடிச்சிருக்கிறது நீங்க!

யோனேசோ: கையும் அப்படித்தான் தம்பி. பழக்கதோஷம்.

கின்பெய்: அண்ணே! இன்னும் கொஞ்சம் வலப்பக்கம்! யம்மாடி, எவ்வளவு பறவை!

குசாகா: சமையல்காரர் ஏன் கொடிமரத்து உச்சியில இருக்காரு?

யோனேசோ: கின்பெய்க்குக் கழுகுக் கண்ணு. அது மட்டுமா, மீன்கூட்டத்தை முதல்ல பார்க்கிறவனுக்கு சூரையோட இருதயம். அது எங்க ஊர் வழக்கம். இருதயத்தைச் சுட்டு ரெண்டு கல் உப்பு போட்டா...

குசாகா: பெரியவரே.

யோனேசோ: என்ன?

குசாகா: ...எத்தனை பேருக்கு அந்த இருதயம் வரும்?

யோனேசோ: அப்படிக் கேளு! முள்ளங்கி ஊறுகாயும் பார்லிக் கஞ்சியும் தின்னு தின்னு உன் முகமே முள்ளங்கி மாதிரி ஆயிடுச்சு. கின்பெய்! மீன் துள்ளுதா?

கின்பெய்: ...அண்ணே.

யோனேசோ: சொல்லுடா.

கின்பெய்: மீன் கொஞ்சம் பெரிசா இருக்கு.

யோனேசோ: பெரிசுன்னா நல்லதுதானே?

கின்பெய்: புகை விடுது.

யோனேசோ: திமிங்கிலமா இருக்கும். மூச்சு விடும்போது அப்படித்தான் தெரியும்.

கின்பெய்: ரெண்டு புகைபோக்கி வச்ச திமிங்கிலம் உண்டா அண்ணே? பக்கத்துல ஒண்ணு தட்டையா இருக்கு. அதோட முதுகுல... விமானம் நிக்குது.

குசாகா: விமானந்தாங்கிக் கப்பல்! அமெரிக்காக்காரன்! எத்தனை? கின்பெய், எத்தனை கப்பல்?

கின்பெய்: எண்ணிட்டிருக்கேன்... இருங்க... விரல் பத்தல.

யோனேசோ: ஐம்பது வருஷமா பறவையை நம்பினேன்டா. ஒரு தடவைகூட ஏமாத்தினதில்ல. கப்பலுக்கு மேல அதுங்களுக்கு என்ன வேலை?

கின்பெய்: அண்ணே, கடைசிக் கப்பலோட பின்பக்கத்துலேருந்து வாளி வாளியா என்னமோ கொட்டுறாங்க. எச்சில் சோறு. அதுக்குத்தான் பறவை. ஐயோ... ரொட்டி அண்ணே! முழு முழு ரொட்டி!

யோனேசோ: முழு ரொட்டியா? கடலுக்கா?

கின்பெய்: ஒரு வாளி இறைச்சிகூடப் போச்சு.

யோனேசோ: இறைச்சியைக் கடல்ல கொட்டுறவனோடயா நாம சண்டை போட்டுக்கிட்டிருக்கோம்? இதை யாராவது முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா?

குசாகா: அப்படியெல்லாம் பேசக் கூடாது பெரியவரே. நான் கீழே போறேன். செய்தி அனுப்பணும். "எதிரிக் கப்பற்படை கண்டேன்." முதல்ல பார்த்தவர் பேரையும் சேர்க்கணும். பாராட்டு கிடைக்கும். கின்பெய், உங்க முழுப் பேரு என்ன?

கின்பெய்: நான் பார்க்கல.

குசாகா: இப்பத்தானே கத்தினீங்க?

கின்பெய்: பறவையைப் பார்த்தேன். கப்பலை அண்ணன்தான் முதல்ல பார்த்தாரு.

யோனேசோ: டேய்! எனக்குக் கிழவன் கண்ணு. பத்தடிக்கு அந்தப்பக்கம் என் பொண்டாட்டியே தெரிய மாட்டா.

குசாகா: ரெண்டு பேரும் பார்க்கலன்னா நானே பார்த்ததா...

யோனேசோ: தம்பி, நில்லு. உட்காரு. ஒரு நிமிஷம்.

குசாகா: நேரமில்ல.

யோனேசோ: போன வாரம் ஐந்தாம் மியோஜின் படகு என்ன ஆச்சு?

குசாகா: ...வீரத்தோட கடமையைச் செஞ்சாங்க.

யோனேசோ: செஞ்சாங்க. "எதிரியைக் கண்டேன்"னு தட்டினாங்க. அதை நீதான் கேட்டுச் சொன்னே. அதுக்கப்புறம் என்ன கேட்டுச்சு?

குசாகா: ...ஒண்ணும் கேட்கல.

யோனேசோ: ஒண்ணும் கேட்கல. நாம தட்டின உடனே சத்தம் எங்கேருந்து வருதுன்னு அவன் கண்டுபிடிச்சிடுவான். அடுத்த குண்டு நம்ம தலையில. அந்தப் படகுத் தலைவன் என் சம்பந்தி. ஊர்ல அவன் வீட்டுக்குப் பதக்கம் போகும். ஆளு போகமாட்டான்.

குசாகா: சைபான் தீவு போச்சு. இவோ தீவு போச்சு. ஒவ்வொரு தீவிலயும் நம்மாளுங்க கடைசி ஆள் வரைக்கும் நின்னாங்க. நான் மட்டும் பார்த்தும் பார்க்காத மாதிரி இருக்கணுமா?

யோனேசோ: சைபான்ல நின்னவங்கள்ல என் மூத்தவனும் ஒருத்தன் தம்பி. எனக்குச் சொல்லாதே.

குசாகா: ...மன்னிச்சிடுங்க. தெரியாது.

யோனேசோ: நான்தான் சொல்லலையே, உனக்கு எப்படித் தெரியும்? கீழே எஞ்சின் ரூம்ல இருக்கானே சின்னவன், அவன் மட்டும்தான் மிச்சம். மத்தவனுங்களும் யாரோ பெத்த பிள்ளைங்கதான். இந்தப் படகுல இருக்கிற பயலுகளை உசுரோட ஊர்ல இறக்கணும். வேற ஆசை எனக்கு இல்ல. அது மேகம்னு எழுதிக்கோ.

குசாகா: மேகத்துக்கு மேல விமானம் நிக்குமா?

யோனேசோ: மேகத்துலதானே விமானம் இருக்கும்!

குசாகா: முடியாது பெரியவரே. எனக்கும் பயமாத்தான் இருக்கு. ஆனா சத்தியம் பண்ணிக் குடுத்துட்டு வந்திருக்கேன். "பார்த்தா தட்டுவேன்"னு. தட்டாம ஊருக்குப் போனா என்னால யாரு முகத்திலயும் முழிக்க முடியாது. தடுக்கப் போறீங்களா?

யோனேசோ: இல்ல. போ. போய்த் தட்டு.

கின்பெய்: அண்ணே! என்ன சொல்றீங்க?

யோனேசோ: கடமைடா. சத்தியம் பண்ணிட்டான்ல. விடு.

கின்பெய்: பத்து நிமிஷமா வேண்டாம்னு கெஞ்சிட்டு, இப்ப பொசுக்குன்னு போன்னுட்டீங்களே! தட்டினா நாமல்லாம் மீனுக்கு இரைதானே?

யோனேசோ: இறங்கி வாடா முதல்ல. வேலை இருக்கு. கப்பற்படைக் கொடியை இறக்கு. துப்பாக்கியை மறைக்கணும். மேல ஏதாவது போடு.

கின்பெய்: என்ன போடறது?

யோனேசோ: துவைச்ச கோவணம் எல்லாம் எங்க?

கின்பெய்: துவைக்காததுதான் இருக்கு.

யோனேசோ: அதுவே போதும். அமெரிக்காக்காரன் கிட்ட வரமாட்டான். துப்பாக்கி முழுக்கக் காயப்போடு. அப்புறம் மீன்பாட்டுக் கொடியை ஏத்து.

கின்பெய்: மீன்பாட்டுக் கொடியா? அது மாட்டேன்.

யோனேசோ: என்னது?

கின்பெய்: படகு நிறைய மீன் வந்தாத்தான் அந்தக் கொடி. வெறும் படகுல ஏத்தினா படகுச்சாமி கோவிச்சுக்கும். எங்க அப்பா காலத்துலேருந்து யாரும் அந்தப் பாவத்தைப் பண்ணினதில்ல.

யோனேசோ: டேய், கப்பல் நிறைய எமன் நிக்கிறான்!

கின்பெய்: எமன் இன்னிக்கு வருவான், போவான். படகுச்சாமி எப்பவும் இருக்கும். ஒரே ஒரு மீனாவது காட்டுங்க, ஏத்துறேன்.

யோனேசோ: எங்கேருந்துடா காட்டுவேன்! ...உன் சமையல்கட்டுல சூரைக் கருவாடு இருக்குமே, மரக்கட்டை மாதிரி, சீவிப் போட்டு ரசம் வைப்பியே.

கின்பெய்: ஒரு துண்டு இருக்கு. அதுக்கு?

யோனேசோ: தூண்டில்ல கட்டு. கடல்ல போடு. இழு.

கின்பெய்: ...போட்டேன். இழுத்தேன்.

யோனேசோ: என்ன வந்துச்சு?

கின்பெய்: சூரை.

யோனேசோ: ஏத்துடா கொடியை!

குசாகா: தட்டிட்டேன்.

கின்பெய்: முடிஞ்சுது. நாம முடிஞ்சோம்.

குசாகா: மூணு தடவை தட்டினேன். தெளிவா. இதென்ன... துப்பாக்கி மேல என்ன தொங்குது?

யோனேசோ: அதை விடு. சட்டையைக் கழட்டு. தொப்பியைக் கழட்டு. இந்தத் துண்டைத் தலையில கட்டிக்கோ. தூண்டில் பிடிச்சிருக்கியா முன்னப்பின்ன?

குசாகா: இல்ல.

யோனேசோ: வாளைப் பிடிக்கிற மாதிரி பிடிக்காதே! இடுப்புல முட்டுக் குடு. ஆங்... அழகா இல்ல, இருந்தாலும் பரவாயில்ல. கீழே இருக்கிற பசங்களையும் கூப்பிடு, எல்லாரும் ஓரமா வரிசையா நில்லுங்க. ஆட்டிக்கிட்டே இருங்க.

கின்பெய்: அண்ணே, ஒரு விமானம் கிளம்பிடுச்சு. நம்ம பக்கம் வருது.

யோனேசோ: தெரியுது. யாரும் மேல பார்க்காதீங்க. மீனவன் மீனைத்தான் பார்ப்பான்.

கின்பெய்: கிட்ட வந்துட்டான்... ரொம்பக் கிட்ட... அண்ணே, ஆளு முகம் தெரியுது. என்னமோ மென்னுக்கிட்டிருக்கான்.

யோனேசோ: பார்க்காதேன்னா பார்க்கிறே!

கின்பெய்: மெல்லுறதைப் பார்த்தா கண்ணு தானாப் போகுது அண்ணே.

யோனேசோ: தம்பி! கையை இறக்கு! எந்த மீனவன்டா சல்யூட் அடிப்பான்?

குசாகா: தானா வந்துடுச்சு! பெரிய விமானம் தலைக்கு மேல போனா... பழக்கம்!

யோனேசோ: அதே கையை ஆட்டு. சும்மா, வழியனுப்புற மாதிரி. ஆங், ஆட்டு. ஆட்டிக்கிட்டே இரு.

கின்பெய்: திரும்பி வரான். இந்தத் தடவை இன்னும் கீழே... ஐயோ சாமி, கருவாட்டைக் காட்டி ஏமாத்தினது நான்தான், என்னை மட்டும் எடுத்துக்கோ...

யோனேசோ: எல்லாரும் குனிஞ்சு வணக்கம் சொல்லுங்க. ஊர்ல விருந்தாளி வந்தா குனிவோம்ல, அந்த மாதிரி. இன்னும் குனி. பணிவா.

குசாகா: எதிரிக்கா?

யோனேசோ: கடலுக்குன்னு நினைச்சுக்கோ. குனி!

குசாகா: குனிஞ்சுட்டேன். ...சத்தம் குறையுதே.

கின்பெய்: போறான். இறக்கையை ஆட்டிட்டுப் போறான் அண்ணே! இறக்கையை ஆட்டினான்!

யோனேசோ: நிமிராதீங்க. இன்னும் கொஞ்சம் குனிஞ்சே இருங்க.

கின்பெய்: இடுப்பு பிடிச்சுக்கிச்சு அண்ணே. நிமிரச் சொன்னாலும் முடியாது.

யோனேசோ: கிழக்கால பாருங்க, மூடுபனி இறங்குது. வெள்ளை வெளேர்னு வருது. நல்ல தாய் பெத்த பனி. எஞ்சினை மெதுவா விடச் சொல்லு. உள்ள புகுந்துடுவோம்.

கின்பெய்: புகுந்தாச்சு. என் கையே எனக்குத் தெரியல. அப்பாடா... நான் போய்க் கருவாட்டைத் துடைச்சு வைக்கிறேன். இன்னிக்கு அதைச் சீவ மாட்டேன். சாமி முன்னாடி வச்சுக் கும்பிடப் போறேன்.

யோனேசோ: போ. அழாதே. போ.

குசாகா: பெரியவரே.

யோனேசோ: ம்.

குசாகா: பதில் வரல. மூணு தடவை தட்டினேன், கரையிலேருந்து "கிடைச்சுது"ன்னு ஒரு வார்த்தை வரல. அமெரிக்காக்காரனும் நம்மைத் தேடி வந்து அடிக்கல. வந்தவனும் சும்மா எட்டிப் பார்த்துட்டுப் போயிட்டான்.

யோனேசோ: கடல்ல அப்படித்தான். சில நாள் சத்தம் போகாது.

குசாகா: அப்படியா?

யோனேசோ: ...இல்ல தம்பி. உன்கிட்ட இனிமே பொய் சொல்ல முடியாது. உட்காரு. துப்பாக்கி பக்கம் வேண்டாம், இந்தப் பக்கமா உட்காரு.

குசாகா: சொல்லுங்க.

யோனேசோ: உன் தந்தி போகவே இல்ல. போகவும் போகாது. மியோஜின் படகு போன அன்னிக்கு, நீ தூங்கினப்புறம், நான் கொடிமரத்துல ஏறினேன். ரேடியோ ஏரியல்ல, கேட்கிற கம்பியில கை வைக்கல. அனுப்புற கம்பியை மட்டும் அறுத்துட்டு, அந்த இடத்துல தார் பூசின தூண்டில் கயிறை இழுத்துக் கட்டிட்டேன். கீழேருந்து பார்த்தா வித்தியாசமே தெரியாது. அதனாலதான் போய்த் தட்டுன்னு சொன்னேன். கரைக்குப் போனதும் என் மேல எழுதிக் குடு. தேசத் துரோகம்னு எழுது, என்ன வேணும்னாலும் எழுது. பசங்க யாருக்கும் தெரியாது, அவங்களை மட்டும் இதுல இழுக்காதே. திட்டுடா. அடிக்கணும்னா அடி. ஏன் சிரிக்கிறே?

குசாகா: கப்பற்படையில எவன் ஏரியலுக்குத் தூண்டில் முடிச்சுப் போடுவான் பெரியவரே? மறுநாள் காலையிலேயே பார்த்துட்டேன். அந்தக் கயிறு இன்னும் அங்கதான் இருக்கான்னு அண்ணாந்து ஒரு தடவை பார்த்துட்டுத்தான், தைரியமாக் கீழே போய்த் தட்டினேன்.