எலுமிச்சை இல்லாத சீரம்

சித்தூரிலிருந்து திருப்பதி போகும் பேருந்தில், என் முன் இருக்கையில் ஓர் அக்காவும் தங்கையும் பேசிக்கொண்டு வந்தார்கள்.

"மொகத்துக்குப் போடற சீரத்துல எலுமிச்ச மட்டும் வேணாங்க்கா. போன வாட்டி அது என் தோலையே துன்னுடுச்சு."

"அப்ப கத்தாழ ஜெல்லுல நியாசினமைடு பவுடர் கலக்கலாம். பரு அடங்கும்."

"வெள்ளையாவேனா?"

"கறை கொறையும். நெறம் மாறாது. ஏன், மாப்ள ஊட்ல எதுனா சொன்னாங்களா?"

"இல்ல. நைனாதான் என் போட்டோவ வெளுப்பாக்கி அனுப்பிட்டாரு. ஞாயித்துக்கெழம அவங்க நேர்ல வராங்க."

அக்கா கைபேசியைத் தங்கையின் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"நிமிந்து பாரு. இப்ப இருக்கற மொகத்தையே மாப்ளைக்கு அனுப்பிடலாம்."

படம் போனது. பாகாலா வருவதற்குள் பதில் வந்தது. தங்கை அதை வெகுநேரம் பார்த்தாள்.

"அவரும் ஒரு போட்டோ அனுப்பிக்கிறாருக்கா. கன்னம் பூரா பரு."