பவர் கொடுத்தவரின் உடல்நலம்

ஐயா, இந்த ஸ்டேஷனில் காற்றோட்டம் போதாது. அந்த ஜன்னலைத் திறந்து வைத்தால் எல்லோருக்கும் நல்லது. என் பெயர் சம்பந்தம், காரைக்குடியில் வீட்டுத் தரகு பார்ப்பவன். கொரோனா தலைவிரித்து ஆடிய காலத்திலும் வீடு வாங்க ஆள் இருந்தது, விற்க ஆள் இருந்தது. அத்தனை பேரையும் ஒரு தும்மல்கூட இல்லாமல் கரை சேர்த்தவன் என்ற பெயர் எனக்கு உண்டு. வீடு பார்க்க வருகிறவர்களின் நெற்றியில் சூடு பார்ப்பேன். சாவியைச் சானிடைசரில் முக்கி எடுப்பேன். வெளிநாட்டில் இருப்பவர்களுக்குச் சமையலறைப் புகைக்கூண்டு வரை வீடியோவிலேயே காட்டிவிடுவேன். நீங்கள் விசாரிக்கிற விஷயமும் அப்படிப்பட்ட ஒரு பாதுகாப்பான வியாபாரம்தான்.

சேவுகப்பெருமாள் அண்ணனை நேற்று நீங்களே பார்த்தீர்கள். புதுவயலில் அரிசி ஆலை வைத்திருந்த அவருடைய அப்பா வாங்கிப் போட்ட வீடு அது. முன்கட்டு, பின்கட்டு, நடுவில் ஒரு கதவு. மனைவி இறந்துவிட்டார், பிள்ளைகள் இல்லை. ஒற்றை ஆளாக இதைக் கூட்டிப் பெருக்க முடியவில்லை என்று அவரேதான் என்னைக் கூப்பிட்டு விற்கச் சொன்னார். அலைய முடியாது என்று என் பெயரில் பவர் எழுதிப் பதிவும் செய்து கொடுத்தார். அவருக்குப் பதிலாக நானே கையெழுத்துப் போட்டு வீட்டை விற்கலாம் என்று அதற்கு அர்த்தம். இதுவரை ஒளிவுமறைவு எதுவும் இல்லை.

சிங்கப்பூரில் இருக்கும் பொன்னழகு வீடியோவில் வீட்டைப் பார்த்து மயங்கிவிட்டார். எல்லாம் கூடிவந்த நேரத்தில் அண்ணனுக்கு மனசு மாறியது. முற்றத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தவர் சாதாரணமாகச் சொன்னார்: "வேணாம் சம்பந்தம். இங்கனயே கெடந்துட்டுப் போயிர்றேன். திங்கக்கெழமை போயி அந்தப் பவர ரத்துப் பண்ணிருவோம்."

எனக்குக் கோபம் வரவில்லை, வருத்தம்தான். ரத்துச் செய்ய அவர் நேரில் போயாக வேண்டும். அப்போது இரண்டாவது அலை. பதிவு அலுவலகத்தில் யார் யாரோ வந்து இருமிவிட்டுப் போவார்கள். அவர் வயதுக்கு அது ஆகுமா? பேசிக்கொண்டிருக்கும்போதே டீ புரையேறி அவர் இருமினார். நான் எழுந்து நான்கு அடி தள்ளி நின்றேன்.

"அண்ணே, இது அதுதான். இனிமே வாசப்பக்கம் வராதீக. நான் பாத்துக்கிறேன்," என்றேன்.

நோயாளி இருக்கும் வீட்டுக் கதவில் ஒரு தாள் ஒட்டுவார்களே, அதை வேறொரு வீட்டிலிருந்து பதமாக உரித்து வந்து இங்கே ஒட்டினேன். தெருவே எதிர்ப்பக்கமாக ஒதுங்கிப் போனது. முன்கட்டில் கிருமி தங்கியிருக்கும் என்று சொல்லி அண்ணனைப் பின்கட்டுக்கு மாற்றினேன். நடுக்கதவுக்கும் கொல்லைக் கதவுக்கும் வெளியே பூட்டுப் போட்டேன். கைப்பேசியில்தான் கிருமி அதிகம் ஒட்டும் என்று வாங்கிச் சானிடைசரில் குளிப்பாட்டினேன். அது அன்றோடு வாயை மூடிக்கொண்டது. டிவிக்குக் கேபிள்காரர் வரப் பயப்படுகிறார் என்றேன். சில வாரம் கழித்து வாசல் தாளைக் கிழித்துவிட்டு, அக்கம்பக்கத்தில் கேட்டவர்களிடம் அண்ணன் குணமாகிக் கோயம்புத்தூரில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விட்டதாகச் சொன்னேன்.

இந்த இடத்தில் ஒன்றை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். பவர் கொடுத்தவர் இறந்துபோனால் பவரும் அன்றே செத்துப்போகும். பத்திரம் பதியும்போது அவர் உயிரோடு இருக்கிறார் என்று டாக்டரிடம் சான்று வாங்கி வைக்க வேண்டும். ஆகவே அண்ணனை நான் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டேன். காலையில் கபசுரக் குடிநீர், பிறகு அவித்த முட்டை, சாயங்காலம் சுண்டல். தினமும் விரலில் ஆக்சிமீட்டர் மாட்டுவேன். எண் கொஞ்சம் இறங்கினாலும் எனக்குச் சோறு இறங்காது. பெற்ற தகப்பனுக்குக்கூட நான் இவ்வளவு செய்ததில்லை.

சமைத்தது என் மனைவி ராமுத்தாய். நோயாளிக்குச் செய்யும் தருமம் என்று நம்பித்தான் அவள் செய்தாள், அவளை இதில் இழுக்காதீர்கள். ஒருநாள், "இம்புட்டு நாளாவா ஒரு மனுசனுக்குக் காச்ச அடிக்கும்?" என்று கேட்டாள். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு ஆள் என்றேன். அன்றிலிருந்து கூட ஒரு வடை வைத்து அனுப்பினாள்.

சான்று கொடுக்க வந்த டாக்டர் தலைமுதல் கால்வரை கவச உடையில் வந்தார். அந்த வயதுக்காரர் எல்லோருக்கும் சொல்வதுபோல, வெளியே தலைகாட்டாதீர்கள் என்று அண்ணனிடமும் சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு என் வேலை பாதியாகக் குறைந்தது. ஆனி முடிவதற்குள் வீட்டைப் பொன்னழகு பெயருக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். பணம் என் கணக்கில் இருந்தது. கடைகள் எல்லாம் மூடிக் கிடப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிற மனிதருக்குப் பணம் எதற்கு?

அதோடு அவரை வெளியே விட்டிருக்கலாமே என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. விட்டால் அவர் எங்கே போவார் ஐயா? அவருக்குத்தான் வீடு இல்லையே.

சிரமம் அதற்குப் பிறகுதான் வந்தது, ஊர் பழையபடி ஆனபோது. பஸ் ஹாரன் கேட்டால் நோயாளிகளை ஏற்றிப் போகிறார்கள் என்பேன். தீபாவளிக்கு வெடிச்சத்தம் கேட்டது. புகைக்குக் கிருமி சாகும் என்று வெடிக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்றேன். பங்குனி உத்திரத்துக்குக் குன்றக்குடிக்கு நடந்து போகிறவர்கள் அரோகரா போட்டுக்கொண்டு தெருவைக் கடந்தபோது மட்டும் எனக்குப் பதில் சட்டென்று வரவில்லை. அண்ணனே சொன்னார், பாவம், சனங்கள் முருகனிடம்தானே முறையிட முடியும் என்று. சொல்லிவிட்டு நின்ற இடத்திலேயே கண்கலங்கிக் கும்பிட்டார். வாரம் தவறாமல் அவர் என்னைக் கேட்டது ஒன்றுதான், பதிவு அலுவலகம் திறந்துவிட்டார்களா என்று. இன்னும் இல்லை என்பேன். சரி, உயிர்தானே முக்கியம் என்பார். எவ்வளவு பக்குவமான மனிதர் பாருங்கள்.

அடுத்த ஆவணியில் பொன்னழகு குடும்பத்தோடு பால் காய்ச்ச வந்தார். நாலு நாளில் திரும்பிவிடுவார்கள், சாவி என்னிடம்தான் இருக்கும். பின்கட்டில் ஓடு சரிந்து கிடக்கிறது, அந்தப் பக்கம் போகவேண்டாம் என்று அவர்களிடம் சொல்லியிருந்தேன். முன்கட்டில் மருந்து அடிக்கிறார்கள், சத்தம் காட்டாதீர்கள் என்று அண்ணனிடம் சொல்லியிருந்தேன். யாருக்கும் நஷ்டம் இல்லாத ஏற்பாடு. எத்தனையோ வீட்டுக்குப் பால் காய்ச்சிக் கொடுத்தவன் நான், ஆனாலும் ஒன்றை மறந்துபோனேன். மாடு.

பசுவையும் கன்றையும் முன்வாசலில் நிறுத்திவிட்டுத் திருப்பி அனுப்பிவிட முடியாது. எல்லாக் கட்டுக்கும் நடத்தி அழைத்துப் போகவேண்டும். பொன்னழகின் மனைவி தேவிகா அதில் கண்டிப்பாக இருந்தார். சாவியை வீட்டில் வைத்துவிட்டேன் என்றேன். நிலை சரிபார்க்க வந்திருந்த ஆசாரி, கேட்காமலேயே நடுக்கதவின் கொண்டியை நெம்பி எடுத்துவிட்டார்.

மாடுதான் முதலில் உள்ளே போனது. அண்ணன் இரண்டு மாஸ்க் போட்டு, முகத்துக்குப் பிளாஸ்டிக் தடுப்பும் மாட்டிக்கொண்டு நின்றிருந்தார். மாட்டிடம் எட்ட நில்லு, எட்ட நில்லு என்று கையைக் காட்டினார். பிறகு நிமிர்ந்து, மாட்டுக்குப் பின்னால் முன்கட்டுப் பந்தியில் தோளோடு தோள் உரசி இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்த சனத்தைப் பார்த்தார்.

"சம்பந்தம், ஒருத்தருமே மாஸ்க் போடலையேடா. எல்லாரும் செத்துருவாகடா. கதவப் பூட்டு."

யாரும் சிரிக்கவில்லை. தேவிகாதான் கிட்டப் போய் மெதுவாகச் சொன்னார்: "அதெல்லாம் முடிஞ்சு ரொம்ப நாளாச்சுய்யா. இது எங்க வீடு. நீக யாரு?"

அண்ணன் அவரைப் பார்த்தார், பந்தியைப் பார்த்தார். முகத்தடுப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"இன்னைக்குத் திங்கக்கெழமைதான? ஆபீசு தொறந்திருக்குமுல்ல?"

அன்று திங்கட்கிழமைதான்.

ஆகவே நான் செய்தது இதுதான், எழுதிக்கொள்ளுங்கள். சேவுகப்பெருமாள் அண்ணனை ஒரு வருஷத்துக்கு மேல் அவர் வீட்டிலேயே பூட்டி வைத்தேன், அவர் உள்ளே இருக்கும்போதே அந்த வீட்டை விற்றேன். எதையும் மறுக்கவில்லை. ஆனால் அத்தனை நாளும் அவருக்கு ஒரு தும்மல் வந்ததில்லை என்பதையும் சேர்த்து எழுதுங்கள். நேற்று உங்கள் ஆட்கள் அவரை வெளியே அழைத்து வந்தார்கள். இன்று காலையில் அவருக்கு மூக்கு ஒழுகுகிறதாம். அதற்கு யார் பொறுப்பு என்பதையும் நீங்கள் விசாரிக்கத்தான் வேண்டும்.