ஹிர்யூவின் இடப்பக்கக் கோபுரம்

விமானந்தாங்கிக் கப்பல்களில் கட்டுப்பாட்டுக் கோபுரம் பெரும்பாலும் வலப்பக்கம்தான் இருக்கும். ஜப்பானியர்களின் அகாகி, ஹிர்யூ இரண்டில் மட்டும் இடப்பக்கம். இது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை, சார். ஆனால் ஏன் செய்தாய் என்று கேட்டீர்கள். அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

எனக்குக் கடத்தூரில் எலெக்ட்ரிகல் கடை. கடை நேரம் போக, கம்ப்யூட்டரில் போர் விமானம் ஓட்டும் பழைய விளையாட்டு ஒன்று ஆடுவேன். அதில் ஜப்பானியக் கப்பல்கள் கிடையாது. யாராவது கம்ப்யூட்டரில் செய்து வைத்த கப்பல் மாதிரியைத் தேடிப் பிடித்து, விளையாட்டில் ஓடும்படி மாற்றி, நாங்களே சேர்த்துக்கொள்வோம். மாற்றுவதில் பென்னாகரத்து மாதவராஜ் கெட்டிக்காரன். தேடுகிறவன் நான்.

ஹிர்யூவை இரண்டு வருடம் தேடினேன். கிடைத்தவையெல்லாம் சோர்யூ என்ற வேறு கப்பல், கோபுரத்தை மட்டும் இடம் மாற்றி ஒட்டியவை. கடைசியில் ஜப்பானில் கப்பல் வரைபடம் போட்டு ஓய்வுபெற்று, ஹிர்யூவை அச்சு அசலாகக் கம்ப்யூட்டரில் செய்து வைத்திருந்த ஒரு கிழவரைப் பிடித்தேன். மொழிபெயர்ப்புச் செயலியின் துணையோடு முப்பத்தொரு கடிதங்கள். மனைவியை இழந்தவர், அவளைப் பற்றியே எழுதினார். என் மனைவி சுகுணாவும் இறந்துவிட்டாள் என்று பதில் எழுதினேன். சுகுணா அப்போது பக்கத்து அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அடுத்த வாரம் ஹிர்யூவின் மாதிரி வந்துவிட்டது.

எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு கப்பலோடும் ஒரு சின்னக் குறிப்பு போகும். மாற்றியவர் பெயர், வண்ணம் தீட்டியவர் பெயர், கண்டெடுத்தவர் பெயர். உலகம் முழுக்க இருநூறு பேர் படித்தால் அதிகம். மாதவராஜ் வெளியிட்ட ஹிர்யூவில் கண்டெடுத்தவர் என்ற வரியே இல்லை.

நாலைந்து பேர் ஹெட்போனில் பேசிக்கொண்டே விளையாட்டில் பறக்கும்போது, என் பெயர் ஏன் இல்லை என்று கேட்டேன்.

"அட போங்க குப்பண்ணா, வழி சொன்னவங்க பேரையெல்லாம் கப்பல் மேல எழுதுவாங்களா? நெட்டுல கெடந்தத எடுத்துக் குடுத்தீங்க. தேடறதெல்லாம் ஒரு வேலையா?" என்றான் மாதவராஜ்.

"அண்ணன் பேர லைஃப்போட்டுல எழுதிரலாம்டா" என்றான் இன்னொருவன்.

எல்லோரும் சிரித்தார்கள். மாதவராஜ் இருமும்வரை சிரித்தான். நானும் சிரித்தேன்.

பத்து நாள் கழித்து, ஒரு சனிக்கிழமை, அவன் மனைவி மேனகா கூப்பிட்டாள். "அண்ணா, அவரு வெளையாடற டேபிள்ல கை வெச்சா சுர்ருங்குதுங்க. கொஞ்சம் வந்து பாத்துட்டுப் போங்க."

போனேன். மேசைக்கு அடியில் ஓடிய ஒயர் ஓரிடத்தில் தோல் உரிந்து இரும்புக் காலில் உரசிக்கொண்டிருந்தது. டேப் சுற்ற இரண்டு நிமிடம் போதும். நான் அரை மணி நேரம் எடுத்துக்கொண்டேன். "சரி பண்ணிட்டேம்மா, இனி பயமில்ல" என்றேன். காபி கொடுத்தாள். குடித்தேன்.

மறுநாள் மதியம் மாதவராஜும் நானும் மட்டும் பறந்தோம்.

"டேபிளச் சரி பண்ணிட்டீங்களாமே, தேங்க்ஸுங்கண்ணா. இவ தரையத் தொடச்சுட்டுச் செருப்பக் கழட்டுன்னு நிக்கறா" என்றான். பிறகு, குரலை இறக்கி, "உங்க பேரப் போட்டுட்டேங்கண்ணா. நீங்க மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கீங்கன்னு இவகிட்ட ஒரே திட்டு. சாயங்காலம் ஏத்திடறேன்" என்றான்.

கப்பலில் இறங்கும்போது மேசையின் இரும்பு விளிம்பை இடது கையால் பிடித்துக்கொள்வது அவன் பழக்கம். எனக்குத் தெரியும். 'கையை எடு' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் கண்ணுக்கு நேரே ஹிர்யூ வந்துகொண்டிருந்தது. அந்த நேரத்தில் பேசினால் கவனம் சிதறும்.

நாற்காலி சாயும் சத்தம் கேட்டது. பிறகு மேனகாவின் குரல். நான் விமானத்தைச் சுத்தமாக இறக்கி, எஞ்சினை நிறுத்திவிட்டு, ஹெட்போனைக் கழற்றினேன்.

மாதவராஜ் செத்த கேஸில், ஒயர் தானாக உரிந்தது என்று உங்கள் ஆட்கள் எழுதியிருக்கிறார்களாம். அது பாதிதான் சரி. தானாக உரிந்தது நகத்தளவு. மீதியைக் கத்தியால் சீவி, இரும்போடு சேர்த்துக் கட்டியவன் நான். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

கோபத்தில் செய்ததாக மட்டும் எழுதிவிடாதீர்கள், சார். எனக்குக் கோபமே வருவதில்லை.