எம்.பி.க்குக் கொடுத்த வண்டி

எனக்கு எழுத வராது, படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். தேர்தலுக்கு முதல் நாள், பாலக்கோட்டிலிருந்து வந்த பஸ்ஸில் என் முன் சீட்டில் ஒரு கணவனும் மனைவியும் பேசிக்கொண்டார்கள்.

“ஓட்டை வேணா எம்.பி.க்குக் குடுங்க. மாட்டு வண்டியைக் குடுக்காதீங்க.”

“மூணு எலெக்சனா சாவடிக்கு ஆளுங்களை ஏத்திட்டுப் போறது நம்ம வண்டிதான். அவருகிட்ட ஏது காசு? ஊரு குடுக்கற வண்டியிலதான் ஜெயிக்கறாரு.”

“வூட்டுல மக நிறைமாசம். நாளைக்கு வலி எடுத்தா ஆஸ்பத்திரிக்கு உங்க எம்.பி.யா தூக்கிட்டுப் போவாரு?”

“வாக்குக் குடுத்துட்டேன்டி.”



மறுநாள் எங்கள் வீட்டுக்கு எதிரே இருக்கும் இண்டூர் சாவடிக்கு அந்த வண்டி பலமுறை வந்தது. வந்தவர்கள் இறங்கி ஓட்டுப் போட்டார்கள். நிறைமாத மகள் மட்டும் சாயங்காலம்வரை வண்டியிலேயே வைக்கோல்மேல் உட்கார்ந்திருந்தாள். மாட்டுக் கயிறு பஸ்ஸில் பார்த்த அந்த அம்மாள் கையில் இருந்தது.