பின்னறையில் ஒன்றுமில்லை

ஈரானுக்கு அடி விழப்போகிறது என்று செய்தி வந்த காலை, கல்முனையில் பெற்றோல் வரிசை கடற்கரை வரை நீண்டிருந்தது. எனக்கு முன்னால் மோட்டார் சைக்கிளில் ஒரு தொப்பிக்காரர், பக்கத்தில் ஓர் ஆட்டோக்காரர்.

"ஈரான் அணுகுண்டு செய்யல்ல மச்சான். அதுக்கு நான் பொறுப்பு," என்றார் தொப்பிக்காரர்.

"அப்ப ஏன் சோதிச்சிப் பாக்க வந்தவனுகள உள்ளுக்கு உடல்ல?"

"கண்டவனும் வந்து ஒன்ட ஊட்டு அறையத் தொறக்கச் சொன்னா நீ தொறப்பியா? அவங்க கரண்டுக்குத்தான் செய்யிறாங்க. நம்பணும்."

ஆட்டோக்காரர் மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டியிருந்த இரண்டு வெற்றுக் கேன்களைப் பார்த்தார்.

"இது எதுக்கு?"

"வயலுக்குத் தண்ணி எறைக்கிற மெசினுக்கு."

"வெள்ளாமதான் வெட்டியாச்சே?"

"அடுத்த போகத்துக்கு."

"ஊட்டுல எத்தின கேன் இரிக்கு?"

"ஒண்டுமில்ல."

"அப்ப நான் வாறன். பின்னறையத் தொறந்து காட்டு."

"நீ என்ன மச்சான், அமெரிக்காக்காரன் மாதிரிக் கதைக்காய்?"

"சரி, காட்ட வேணாம். எனக்கு ரெண்டு கேன் தா. நான் ஒருத்தருக்கும் சொல்ல மாட்டன்."

தொப்பிக்காரர் முன்னும் பின்னும் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"ஒண்டு தாறன்."